இரண்டை அழுத்தவும்

அய்யாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில் பதினோரு குறிப்புகள் இருந்தன. பெரிய எழுத்தில் அச்செடுத்து, இராமநாதபுரத்தில் லேமினேட் செய்து, அவருடைய சட்டைப் பைக்குள் நுழைகிற அளவுக்கு வெட்டிக் கொடுத்தேன். கார்டு கண்ணை விட்டு மறையக் கூடாது. கடைக்காரர் உள்ளே கொண்டு போகிறேன் என்றால் கூடவே போக வேண்டும். ரூபாயா ரிங்கிட்டா என்று கேட்டால் ரிங்கிட் என்றுதான் சொல்ல வேண்டும். ரூபாய் என்று சொன்னால் அவர்கள் இஷ்டத்துக்கு விலை வைத்து மாற்றுவார்கள். இந்தக் கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுக்கவே கூடாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். ரகசிய எண்ணை எங்கும் எழுதி வைக்கக் கூடாது. பேசுவதற்கு ஓட்டல் வைஃபை போதும், ரோமிங் வேண்டாம்.

பதினோராவது குறிப்பு: எதற்கும் பயப்பட வேண்டாம். இங்கிருந்து எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பணப் பரிமாற்ற மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். நயினார்கோவிலுக்கு அந்தப்பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இருந்தபடியே வேலை. அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு நெல்லும் மிளகாயும். அம்மாவுக்கு வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை இருந்ததை நான் வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, "பத்துமலை முருகன் நெசமாவே அம்புட்டு உசரமா?" என்று ஒருநாள் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். அடுத்த மாதம் மதுரையிலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாக் குழுவில் இரண்டு இடம் பதிவு செய்தேன். செலவுக்கு என் கிரெடிட் கார்டிலேயே அய்யா பெயருக்குக் கூடுதல் கார்டு ஒன்று வாங்கினேன். வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதி அதில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்தேன். வரம்பை உயர்த்தினேன். அவர் கார்டைத் தேய்த்தால் செய்தி என் போனுக்கு வரும்.

அய்யாவுக்குப் பிடிக்கவில்லை.

"எதுக்கு தாயி இந்த அட்டை? வெள்ளாமைப் பணம் கெடக்கு. மாத்தி, இடுப்புல கட்டிக்கிட்டுப் போறேன்."

"உங்க இடுப்புல வேட்டியே நிக்காது. பணம் எங்கிட்டு நிக்கும்?" என்றாள் அம்மா.

அவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு எதிர்ப்பு இல்லை. நான்கு இலக்க எண்ணை மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சும்போது முணுமுணுத்துப் பழகினார். பழகிப் பார்க்க இராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு அழைத்துப் போய் ஒரு துண்டு வாங்க வைத்தேன். எண்ணை அழுத்துவதற்கு முன் திருடப்போகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். பில் வெளியே வந்ததும் என்னைப் பார்த்த பார்வையில், பள்ளிக்கூடத்தில் பாஸான பையனின் சந்தோஷம் இருந்தது. கையில் கொஞ்சம் ரிங்கிட்டும் கொடுத்தனுப்பினேன், ஆபத்துக்கு. ஒரு நாள் சாப்பாட்டுக்கும் டாக்ஸிக்கும் காணும்.

முதல் மூன்று நாளும் என் போனில் அவர்களுடைய பயணம் ஓடியது. செய்தியில் கடையின் பெயரும் தொகையும்தான் இருக்கும். அதை வைத்து என்ன வாங்கியிருப்பார்கள் என்று நானே ஊகிப்பேன். சாயங்காலம் ஓட்டல் வைஃபையில் அய்யா கூப்பிடும்போது சரிபார்த்துக்கொள்வேன். பெரும்பாலும் தவறாகத்தான் ஊகித்திருப்பேன். சாப்பாடு என்று நினைத்தது செருப்பு. அம்மாவின் செருப்பு பத்துமலைப் படிக்கட்டில் அறுந்து போயிருந்தது. தனக்கென்று அய்யா எதுவும் வாங்கவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிற எதையும் என்னைக் கேட்காமல் வாங்கவில்லை. மருந்தடிக்கிற கைப்பம்பு வாங்குவதற்கே வீட்டில் எங்கள் இருவரிடமும் கேட்கிறவர்.

நான்காம் நாள் அமாவாசை. அய்யாவின் தங்கை, என் அத்தை, மாமா போன பிறகு அமாவாசைக்கு அமாவாசை இராமேஸ்வரத்தில் முழுகுகிறவள். வழக்கமாக அய்யா கூட்டிப் போவார். அந்த மாதம் நான். இராமநாதபுரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததிலிருந்து அத்தைக்கு என் போன்மேல்தான் கண்.

"ஏண்டி, உங்கய்யா இன்னைக்கு என்ன வாங்கிருக்காரு? வாசி."

"இன்னைக்கு இன்னும் ஒண்ணுமில்ல அத்தை. நேத்து சாயங்காலம் எளநி. ரெண்டு. நம்ம காசுக்கு முன்னூறு ரூவா."

"முன்னூறா? எங்கண்ணன் குடிச்சிருக்கவே மாட்டாரு. ரெண்டையும் மதினிக்குக் குடுத்துட்டு வாயைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பாரு."

முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அத்தைக்கு உற்சாகம் கூடிவிட்டது. மலேசியாவில் எங்கள் ஊர்ப் பெண்கள் யார் யார் என்ன விலைக்கு என்ன வாங்கினார்கள் என்று சொல்லத் தொடங்கினாள்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது மணி ஒன்பது நாற்பது. போன் அடித்தது. பதிவு செய்த குரல். உங்கள் கூடுதல் கார்டில் இவ்வளவு ரிங்கிட்டுக்கு, இந்த நிறுவனத்தில், இப்போது ஒரு பரிமாற்றம் முயலப்படுகிறது. இது நீங்கள் செய்தது என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும். காற்று இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, குரல் மறுபடி சொல்வதைக் கேட்டேன்.

யோசிக்கப் பத்து விநாடி இருந்திருக்கும். அதற்குள் வரிசையாக நான்கு விஷயங்களைப் பார்த்தேன். தொகை, நம் பணத்தில் இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்தது. நிறுவனத்தின் பெயர், எதையும் சொல்லாத ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். இடம் கோலாலம்பூர், ஆனால் என் போனில் இருந்த பயணத் திட்டத்தின்படி குழு அன்று ஒரு தீவுக்குப் போகும் படகில் இருக்க வேண்டும். நான்காவது, அய்யா என்னைக் கேட்காமல் வாங்குகிறவர் அல்ல. வேலையில் நாங்கள் எழுதி வைத்திருக்கும் விதிப்படி நான்கில் இரண்டு பொருந்தாவிட்டாலே முதலில் நிறுத்திவிட வேண்டும், பிறகுதான் விசாரிக்க வேண்டும். இங்கே நான்கும் பொருந்தவில்லை.

இரண்டை அழுத்தினேன். குரல் நன்றி சொன்னது.

அய்யாவுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: 'உங்கள் கார்டில் யாரோ திருடப் பார்த்தார்கள். நிறுத்திவிட்டேன். பயப்பட வேண்டாம். கையில் இருக்கும் ரிங்கிட்டை வைத்துச் சமாளியுங்கள், சாயங்காலம் வழி சொல்கிறேன்.' ஒற்றை டிக்கோடு நின்றது. படகில் இருக்கிறார், வைஃபை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் சொன்னபோது கன்னத்தில் கை வைத்தாள்.

"அடியாத்தீ! பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே மலேசியாத் திருடனைப் பிடிச்சிட்டியா? நீ போலீசுல சேந்திருக்கலாம்டி. இந்தக் கம்ப்யூட்டர்ல கெடந்து கண்ணைக் கெடுத்துக்கிற."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று நடந்ததைப் பிறகு பலரிடம் கேட்டு, நேரவாரியாக எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் நம் நேரம். காலை எட்டு மணிக்கு ஓட்டலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மாவின் வாய் கோணியது. கோப்பை வலது கையிலிருந்து நழுவியது. முந்தின நாளிலிருந்தே தலை சுற்றுகிறது என்று அம்மா சொன்னதால் இரண்டு பேரும் தீவுக்குப் போகாமல் தங்கிவிட்டது எனக்குத் தெரியாது; குழுவோ அதிகாலையிலேயே கிளம்பிவிட்டிருந்தது. ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் டாக்ஸி பிடித்து, பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தாள். அங்கே முதலுதவி செய்தார்கள். ஸ்கேன் எடுத்து உள்ளே சேர்க்க முன்பணம் கேட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கும் வகை. மருத்துவமனையின் பெயர் ஒன்று. பணம் போகிற கம்பெனியின் பெயர் வேறு.

அய்யா கார்டைக் கொடுத்தார். எண்ணை அழுத்தினார். ஆகவில்லை என்றார்கள். மறுபடி அழுத்தினார். வேறு மெஷின் கொண்டு வந்தார்கள். அதிலும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. பதற்றத்தில் எண்ணை மாற்றி அழுத்திவிட்டோம், அதனால் கார்டு பூட்டிக்கொண்டுவிட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். தவறாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் என்று அந்தத் தாளில் நான்தான் எழுதியிருந்தேன். ஏழாவது குறிப்பு.

அவரால் என்னைக் கூப்பிடவும் முடியவில்லை. ரோமிங் இல்லை. மருத்துவமனை வைஃபையில் நுழைய ஒரு எண் வரும் என்றார்கள். அந்த எண் வருவதற்கும் போனில் இணைப்பு வேண்டும். கடைசியில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு தமிழ் அம்மாள் தன் போனைக் கொடுத்தாராம். அய்யாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் எண் என்னுடையது மட்டும்தான்.

பத்தேகாலுக்கு அக்னி தீர்த்தக் கரையில் நிற்கிறேன். கையில் அத்தையின் மாற்றுச்சேலை. மலேசிய எண் ஒன்று கூப்பிட்டது. திருட முயன்று முடியாமல் போனவர்கள் அடுத்துச் செய்வது இதுதான்; வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எண் கேட்பார்கள். துண்டித்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தது. துண்டித்துவிட்டு அந்த எண்ணையே தடை செய்தேன். அத்தை கரையேறிக் கேட்டாள், "யாருடி?"

"அந்தத் திருடன்தான்."

"குடு, நான் நாலு வார்த்தை கேக்குறேன்."

கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வெளியே ஒப்படைத்துவிட்டு, இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் அத்தையோடு நின்று வாங்கிக்கொண்டு, தரிசனமும் முடித்து வெளியே வரும்போது மணி பதினொன்று ஐம்பது. போனைத் திறந்தேன். தடை அழைப்புக்கு மட்டும்தான்; அதே எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு வந்து கிடந்தது.

"தாயி, அய்யா பேசுறேன். அம்மாவுக்கு வாய் பேச்சு வரலை. ஒரு பக்கம் இழுத்துக்கிருச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நான் நம்பரைத் தப்பா அமுக்கிட்டேன்த்தா. எதாவது பண்ணு. கோவிச்சுக்கிறாத."

வங்கியைக் கூப்பிட்டேன். பதினான்கு நிமிடம் இசை. திருட்டு என்று சொல்லி நிறுத்திய கார்டைத் திரும்பத் திறக்க முடியாது, அதே கணக்கில் உள்ள என் கார்டும் சேர்ந்தே நின்றுவிட்டது, ஏழு வேலை நாளில் புதிய கார்டு வீட்டுக்கு வரும் என்றார்கள். மதுரையில் இருந்த சுற்றுலாக்காரரைக் கூப்பிட்டேன். வழிகாட்டி படகில் இருந்தார், சிக்னல் இல்லை. அந்தத் துப்புரவு அம்மாளின் எண்ணுக்குப் பேசி, அய்யாவிடம் ஐந்து நிமிடத்தில் பணம் வருகிறது என்று மூன்று தடவை சொன்னேன். வழிகாட்டி கரைக்கு வந்து, மருத்துவமனையோடு பேசித் தன் கார்டு விவரத்தைக் கொடுத்துக் கட்டியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஸ்கேன் ஒரு மணிக்கு. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒன்று இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பன்னிரண்டரைக்கே அந்த நேரம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த ஊசி போட்டிருந்தால் கை வந்திருக்குமா, பேச்சு வந்திருக்குமா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். சொல்ல முடியாது, சிலருக்கு வரும் என்றார்.

பஸ் நிலையத்தில் அத்தையை உட்கார வைத்துவிட்டு, வேறு ஒரு வேலையையும் செய்தேன். காலையில் அய்யாவுக்கு அனுப்பிய செய்தி அப்போதும் ஒற்றை டிக்கோடுதான் நின்றது. அதை அழித்தேன். வங்கி, மதுரை, அய்யா, விமானச் சீட்டு, விடுமுறைக் கடிதம் என்று அன்று செய்ய வேண்டியதைப் போனில் வரிசையாக எழுதியிருந்தேன். இதை அதில் எழுதவில்லை. ஆனால் செய்தேன்.

பதினாறு நாள் கழித்து சக்கர நாற்காலியில் அம்மாவை மதுரை விமான நிலையத்தில் இறக்கினோம். வீட்டுக்கு வந்தபோது புதிய கார்டு தபாலில் வந்து காத்திருந்தது. விழிப்போடு இருந்ததற்காக நன்றி தெரிவித்துக் கூடவே ஒரு கடிதம்.

வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் அய்யா ஒன்றையே சொன்னார். "நாந்தான் நம்பரைத் தப்பா அமுக்கிட்டேன். மூணு மணி நேரம் போச்சு." கேட்காதவர்களிடமும் சொன்னார். மருத்துவமனையில் முதல் நாளே அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குப் பேச்சு போனதே தவிர, சொல்வது புரிகிறது. வீட்டுக்கு வந்த பிறகு அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகில் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். கரண்டியை உதட்டில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் வாங்கி ஊட்டினால் வாயைத் திறப்பாள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான். பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துப் பார்த்தோம். அவள் தொட்டால் அம்மா இடது கையால் அடித்தாள். இரண்டு நாளில் அந்தப் பெண் நின்றுவிட்டாள்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு வாரமும் அய்யாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அறுப்பு முடியட்டும், சளி சரியாகட்டும் என்று ஏதாவது ஒரு காரணம் இருந்தது.

மிளகாய் வந்த நேரம். முற்றத்தில் குவித்து அய்யாவும் அத்தையும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே தூங்கினாள். நான் லேப்டாப்போடு நிலைப்படியில் இருந்தேன். அத்தை என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"இவளை லேசா நெனைக்காதண்ணே. அன்னைக்கு ராமேசுவரம் போறப்ப, பஸ்ஸுல உக்காந்துக்கிட்டே உன் கார்டுல திருட வந்தவனைப் பிடிச்சிட்டா. அவன் திரும்பத் திரும்பப் போன் அடிக்கிறான். கட்டு கட்டுன்னு கட் பண்ணுறா!"

"என்னைக்கு?" என்றார் அய்யா.

"அதான், அமாவாசையன்னைக்கு. மதினிக்கு இப்படி ஆச்சே, அன்னைக்குக் காலையில."

அத்தைக்கு இரண்டும் வேறு வேறு கதை. இன்றும் அப்படித்தான். அய்யா அடுத்த பிடி மிளகாயை எடுத்துக் கிள்ளினார். சாயங்காலம் அத்தை பஸ் ஏறிய பிறகு, குவியலுக்கு எதிரே என்னை உட்காரச் சொன்னார்.

"பஸ்ஸுல எந்தத் திருடனைப் பிடிச்ச தாயி?"

நடந்த வரிசையிலேயே சொன்னேன். வந்த அழைப்பு. அழுத்திய எண். அனுப்பிய செய்தி. துண்டித்த இரண்டு அழைப்பு. அழித்த செய்தி. எதையும் விடவில்லை. அவர் கை நிற்கவில்லை. கடைசியில்தான் நிறுத்தினார்.

"அப்ப நான் நம்பரைச் சரியாத்தான் அமுக்கிருக்கேன்."

"ஆமாய்யா. ஒவ்வொரு தடவையும்."

"அழிச்சது எதுக்கு?"

"பயந்துட்டேன்."

"ம்." ஒரு பிடி மிளகாயை எடுத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னால என்னைக் கேட்டுட்டு அமுக்கிருக்கலாம்."

"உங்களுக்குப் போன் போயிருக்காதுய்யா."

"போயிருக்காது. ஆனாலும் கேட்டுப் பாத்திருக்கலாம்."

அம்மாவிடம் உடனே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காரு. அவகிட்டச் சொல்லாத."

"உங்களைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்களே. நீங்க ஒண்ணுமே பண்ணலையேய்யா."

"திருப்பட்டும். கழுத்து வேலை செய்யுதுல்ல." சிரிக்கவில்லை. "என் மேல கோவமா இருந்தா அவளுக்கு ஒண்ணும் கொறைஞ்சிராது. நான் காட்டுக்குப் போயிருவேன். உன் மேல கோவம் வந்துச்சுன்னா யாரு குளிப்பாட்டுவா? யாரு துணி மாத்துவா? வேத்தாளு கையை விடமாட்டேங்குறா. உன் கையும் ஆகாதுன்னு ஆச்சுன்னா, அழுக்குலயே கெடப்பா."

சரி என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் மட்டும் சரி என்று சொல்லவில்லை. அது எனக்கும் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகும் வருகிறவர்களிடம் நம்பரைத் தப்பாக அமுக்கிவிட்டதாகத்தான் அவர் சொல்கிறார். முன்பைவிடச் சத்தமாக, உள்ளே கட்டிலுக்குக் கேட்கும்படி. என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கோபமா என்று கேட்டால் இல்லை என்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போது அவர் அப்படிச் சொன்னால், எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விடுகிறேன்.

வாரம் இரண்டு நாள் இராமநாதபுரத்திலிருந்து பேச்சுப் பயிற்சி தருகிறவர் வருகிறார். ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். அம்மா தானாகச் சொல்லும் சொல்லைத் தேதி போட்டு எழுத வேண்டும்; தெளிவா, மழுங்கலா என்றும் குறிக்க வேண்டும். போன மாதம் தண்ணி என்ற சொல் வந்தது. பிறகு வலி. இந்த வாரம் மூன்றாவதாக ஒன்று. நேற்றுக் காலை அய்யா காட்டுக்குப் போகுமுன் கட்டிலருகில் வந்து, போர்வையை இழுத்துவிடக் கை நீட்டினார்.

"போ," என்றாள் அம்மா.

நாலு மாதத்துக்கு மேலாகி அவரிடம் அவள் பேசிய முதல் சொல். அய்யா கையை எடுத்துக்கொண்டார். "நல்லாச் சொல்றாளே," என்றார் என்னிடம். அவள் மறுபடியும் சொன்னாள். அவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது முறையும் சொன்னாள்.

நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். போ, மூன்று முறை, தெளிவு என்று எழுதினேன். வெந்நீர் காய்ந்துவிட்டிருந்தது. அம்மாவின் இடது கையை என் தோளில் போட்டுத் தூக்கினேன். என் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.